சமூக ஊடகமும் இளம் பருவத்தினரின் நலமும்

பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி வகுப்பில் சோர்ந்து அமர்ந்திருக்கிறாள். தோழியருடன் பேசுவதும் குறைந்துவிட்டது. இரவில் நெடுநேரம் செல்பேசியில் ஆழ்ந்திருப்பதாக அவளுடைய பெற்றோர் கூறுகின்றனர். செல்பேசியே காரணம் என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் சமூக ஊடகம் அவளுக்குச் சோர்வை விளைவித்ததா, அன்றி வேறொரு துயரத்தினால் அவள் அதனை நாடினாளா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இத்துறை ஆராய்ச்சியின் முதன்மையான நோக்கமாகும். விடை தவறினால் பரிகாரமும் தவறிவிடும்.

ஒரே சமயத்தில் பலரிடம் கேட்டுத் திரட்டும் விவரங்கள், இரு நிலைமைகள் சேர்ந்து காணப்படுவதை உணர்த்துமேயன்றி, எது காரணம், எது விளைவு என்பதை உணர்த்தமாட்டா. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி ஓர்பென், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி ஆகியோர், 3,55,000-க்கு மேற்பட்ட இளம் பருவத்தினர் பற்றிய விவரங்களை ஆராய்ந்து 2019-ல் முடிவுகளை வெளியிட்டனர். மனநலத்தில் ஒருவருக்கொருவர் காணப்படும் வேறுபாட்டில், மின்னணுச் சாதனங்களின் உபயோகத்துடன் தொடர்புற்ற பகுதி மிகுதியாகப் போனால் 0.4 சதவீதமே. மூக்குக் கண்ணாடி அணிவதற்கும் நலக்குறைவுக்கும் இடையே இதனினும் பெரிய தொடர்பு காணப்பட்டது. கண்ணாடி மனத்தைக் கெடுப்பதாக எவரும் கூறார். எனினும், இதைக்கொண்டு தீங்கே இல்லை என்று துணிவதும் பொருந்தாது. பலருடைய சராசரியில், மிகவும் பாதிக்கப்பட்ட சிலரின் துன்பம் மறைந்துபோகக் கூடும்.

அளவிடும் முறையிலும் குறையுண்டு. நாள்தோறும் எத்தனை மணி நேரம் என்ற வினாவுக்கு மக்கள் கூறும் விடையும், சாதனத்தில் பதிவாகும் நேரமும் சரிவரப் பொருந்துவதில்லை என்று 2021-ல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. தவிரவும், வெளியூரிலுள்ள அண்ணனுடன் பேசிய அரைமணியும், பிறருடைய ஏளனத்துக்கு ஆளான அரைமணியும் ஒன்றாகா.

காரணத்தை அறியப் பரிசோதனையே சிறந்த வழி. 2018-ல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 143 மாணவரைக் கொண்டு நடத்திய பரிசோதனையில், ஒரு சாரார் மூன்று சமூக ஊடகங்களையும் தலைக்குப் பத்து நிமிடமாக நாள்தோறும் குறைத்துக்கொண்டனர். மற்றவர் வழக்கம்போல் இருந்தனர். மூன்று வாரங்களில் முன்னவரிடம் தனிமையுணர்வும் மனச்சோர்வும் தணிந்தன. ஆனால் இவர்கள் கல்லூரி மாணவர்கள். இம்முடிவு பன்னிரண்டு வயதினருக்கும் அப்படியே பொருந்தும் எனக் கொள்ள இயலாது.

வயதின் முக்கியத்துவத்தைப் பிரிட்டிஷ் விவரங்களைக் கொண்டு 2022-ல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. பெண்களில் 11 முதல் 13 வயதிலும், ஆண்களில் 14, 15 வயதிலும், இருபாலாரிலும் 19 வயதளவிலும், மிகுந்த உபயோகத்தைத் தொடர்ந்து ஓராண்டுக்குப்பின் வாழ்க்கையில் மனநிறைவு குறைந்திருந்தது. 2023 டிசம்பரில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட அறிக்கையோ, மக்கள்தொகை அளவில் சமூக ஊடகமே நலக்கேட்டுக்குக் காரணம் என்று நிறுவுவதற்குச் சான்றுகள் போதா என்று கருதியது. தனிப்பட்டவர்களுக்கு நன்மையும் தீமையும் நேரலாம் என்பதையும் அது ஏற்றுக்கொண்டது.

இப்பிரச்சினை நமது நாட்டுக் கிராமங்களையும் எட்டிவிட்டது. 2024-ஆம் ஆண்டின் 'ஏசர்' கல்வி மதிப்பீட்டின்படி, கிராமப்புறத்தில் 14 முதல் 16 வயது வரை உள்ளவர்களில் 82.2 சதவீதத்தினருக்குத் திறன்பேசியை இயக்கத் தெரியும். அவர்களுள் 76 சதவீதத்தினர் முந்தைய வாரத்தில் சமூக ஊடகத்துக்காகவும், 57 சதவீதத்தினர் கல்விக்காகவும் அதனை உபயோகித்திருந்தனர்.

ஆகவே, ஆசிரியரும் களப்பணியாளரும் மணிக்கணக்கோடு நின்றுவிடலாகாது. எந்த நேரத்தில், எதற்காக, யாருடன் உபயோகிக்கப்படுகிறது, அதனால் உறக்கமும் விளையாட்டும் குறைந்தனவா, சோர்வு அதற்கு முன்னரே தோன்றியதா என்பவற்றைக் கனிவுடன் விசாரிப்பது அவசியம். முதலில் குறிப்பிட்ட சிறுமியிடமிருந்து செல்பேசியைப் பறிப்பதனால் மட்டும் அவளுடைய துயரம் நீங்கிவிடாது. வீட்டிலோ பள்ளியிலோ நேர்ந்த துன்பத்தைச் சொல்ல அவளுக்கிருந்த ஒரே துணையும் அதனால் அற்றுப்போகலாம். தேவையெனில், 2022-ல் தொடங்கப்பெற்ற 'டெலி-மானஸ்' மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் நாடலாம். காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருந்து கொடுப்பது மருத்துவ மரபு. சோர்வுற்ற குழந்தையின் விஷயத்திலும் அம்மரபைக் கடைப்பிடித்தல் நன்று.