குதிரை டிரெய்லருக்கு எந்த டிரக்?

அரிசோனா மாநிலத்தில், புல்ஹெட் சிட்டியை ஒட்டிய டேவிஸ் அணைப் பக்கத்திலிருந்து யூனியன் கணவாய் வரை ஒரு மலைச்சாலை ஏறுகிறது. நீளம் 18 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வெயில் 38 டிகிரியைத் தொடும் நாளில், ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு, பாரம் ஏற்றிய டிரெய்லரை இழுத்தபடி இந்தச் சாலையில் ஏற வேண்டும். சாதாரண பிக்கப் டிரக் என்றால் வேகம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. ஜே2807 என்ற தரவிதியில் உள்ள சோதனைகளில் இது ஒன்று. அமெரிக்க டிரக் விளம்பரங்களில் ‘இத்தனை டன் இழுக்கும்’ என்று கொட்டை எழுத்தில் வரும் எண் இப்படித்தான் கிடைக்கிறது.

நல்ல சோதனைதான். இந்த விதி வருமுன் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய முறையில் கணக்கிட்டு ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் இந்தச் சோதனையில் வண்டிக்குள் இருப்பது ஓட்டுநரும் இன்னொருவரும் மட்டும். ஆளுக்கு 68 கிலோ என்று கணக்கு. பின்சீட்டில் பிள்ளைகள் கிடையாது, சாமான்கள் கிடையாது. டிரெய்லரில் இருப்பதும் அசையாத பாரம். டெக்ஸாஸிலோ கொலராடோவிலோ குதிரை வளர்க்கும் குடும்பம் போட்டிக்குக் கிளம்பும் நாளில் நிலைமை இப்படி இருக்காது. அதனால் இழுக்கும் எண்ணைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். முதலில் தெரிய வேண்டியது டிரக் எவ்வளவு சுமக்கும், அடுத்தது எப்படி நிற்கும்.

சுமப்பதா, இழுக்கத்தானே டிரக் என்று தோன்றலாம். மாட்டுவண்டியில் மூட்டை அடுக்குபவர்கள் முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தான் அடுக்குவார்கள். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். டிரெய்லருக்கும் அதே கணக்கு. அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்னால் வந்து டிரக்கின் கொக்கிக் குமிழ் மீது அமர வேண்டும். அதற்குக் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். ஆட்டம் முற்றினால் டிரக்கையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். ஆக, அந்த முன்பாரம் இருந்தே ஆக வேண்டும். அது முழுதும் டிரக் சுமக்கும் எடை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் அதிகம் வளர்க்கப்படும் குவார்ட்டர் ஹார்ஸ் இனக் குதிரை ஒன்று சுமார் 500 கிலோ. மூன்று குதிரைக்கு 1,500. டிரெய்லர் வெறும் எடை 2,000 என்று வைப்போம். சேணம், வைக்கோல், 100 லிட்டர் தண்ணீர் எல்லாம் சேர்த்து இன்னொரு 300. மொத்தம் 3,800 கிலோ. அதில் 12 சதவீதம் முன்பாரம் என்றால் 456 கிலோ.

இப்போது டிரக்கின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து நிலைச்சட்டத்தைப் பாருங்கள். மஞ்சள் பட்டையிட்ட ஒரு ஒட்டுச்சீட்டு இருக்கும். டயர் காற்றழுத்தத்தோடு, ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் அதில் போட்டிருக்கும். அந்த மாடலுக்குப் பொதுவான எண் அல்ல அது, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அந்த ஒரு வண்டிக்கானது. சொகுசு சீட்டு, கண்ணாடிக் கூரை என்று ஏற ஏற அந்த எண் இறங்கும். ‘அரை டன்’ என்று சொல்லப்படும் ஃபோர்டு எஃப்-150 போன்ற வண்டியில் அது 720 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் கொண்ட குடும்பம் 280, கொக்கி அமைப்பு 40, முன்பாரம் 456. கூட்டினால் 776. ஐந்து டன் இழுக்கும் என்று விற்கப்பட்ட வண்டி, நான்கு டன்கூட எட்டாத டிரெய்லரிடம் தோற்றுவிட்டது. பின் அச்சு அமுங்க, முன்சக்கரம் தரையை லேசாகப் பிடிக்க, ஸ்டீயரிங் பிடி தளர்கிறது. எடையைப் பகிரும் கொக்கி போட்டால் பாரத்தில் ஒரு பகுதி முன்னச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் போகும், உண்மைதான். ஆனால் அதற்காகச் சீட்டில் உள்ள வரம்பு உயராது.

அதனால்தான் குதிரைக்காரர்கள் எஃப்-250, ரேம் 2500 போன்ற ‘முக்கால் டன்’ வண்டிகளுக்குப் போகிறார்கள். (அரை டன், முக்கால் டன் என்பதெல்லாம் பழைய காலத்துச் சுமை அளவிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர்கள். இன்றைய வண்டிகள் அதைவிட அதிகமாகவே சுமக்கும்.) இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. டீசல் எஞ்சின் கனமானது. அதே முக்கால் டன் வண்டியில் பெட்ரோலைவிட டீசல் குறைவாகச் சுமக்கலாம். நான்கு குதிரையும் ஆட்கள் தங்கும் அறையும் கொண்ட கூஸ்நெக் டிரெய்லர் என்றால் கதை வேறு. அதன் கழுத்து டிரக்கின் தொட்டிக்குள் வந்து, பின் அச்சுக்கு மேலேயே அமரும்; ஆட்டம் வெகுவாகக் குறையும். ஆனால் மொத்த எடையில் ஏறக்குறைய கால் பங்கு டிரக்கின் மேல் இறங்கும். ஏழு டன் டிரெய்லருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல். இதற்குப் பின்னால் இரட்டை டயர் போட்ட ‘ஒரு டன்’ வண்டியைத் தவிர வேறொன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டீசலா பெட்ரோலா என்பது நீங்கள் ஓட்டும் சாலையைப் பொறுத்தது. டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 சாலையில் ஐசன்ஹவர் சுரங்கப்பாதை 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீதம் திறனை இழக்கும். அங்கே போய்ச் சேரும்போது மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். டர்போ டீசலுக்கு இந்த இழப்பு மிகக் குறைவு. இறக்கத்தில் அதன் அருமை இன்னும் தெரியும். புகைபோக்கி பிரேக்கை இயக்கினால் டர்போவின் இதழ்கள் நெருங்கி, புகை வெளியேறும் வழியை அடைக்கின்றன. எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. சக்கர பிரேக் சூடேறிச் செயலிழக்கும் ஆபத்து குறைகிறது. மலைப்பக்கம் போகாமல் சமவெளியில் மாதம் ஒருமுறை ஓட்டுபவர்களுக்குப் பெட்ரோலே போதும், விலையும் குறைவு.

டிரெய்லருக்கும் சொந்தமாக மின் பிரேக் இருக்கும். அதை டிரக்கிலிருந்தே இயக்கும் கருவியின் நெம்புகோல் ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் வேண்டும். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் டிரக்கின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, அந்த நெம்புகோலால் டிரெய்லரை மட்டும் பிடித்தால் அது நேராகிவிடும்.

இதெல்லாம் கல்லையோ மரத்தையோ ஏற்றினாலும் பொருந்தும். ஆனால் குதிரை நின்றுகொண்டே பயணம் செய்கிறது. அதன் எடையில் சுமார் 60 சதவீதம் முன்கால்களில். திடீரென்று பிரேக் போட்டால் அரை டன் உடம்பு முன்னால் சாயும். வளைவில் வேகமாகத் திரும்பினால் மூன்று குதிரையும் ஒரே பக்கம் சாய்ந்து, உயரத்தில் இருக்கும் அந்த எடை வண்டியையே தள்ளும். வழி நெடுகக் குதிரை தசைகளை இறுக்கித் தளர்த்தித் தன்னை நிறுத்திக்கொள்கிறது. எதற்காக வண்டி குலுங்கியது என்று அதற்குத் தெரியாது, பாவம். திணறாமல் கிளம்பும், பதறாமல் நிற்கும் டிரக் அதன் உடம்புக்குச் செய்யும் உதவி சிறியதல்ல. ஓட்டுநர் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிறுத்தித் தண்ணீர் காட்டி, தலையைத் தாழ்த்தவிட வேண்டும். தலையை உயர்த்திக் கட்டியே வைத்திருந்தால் மூச்சுக்குழாயிலிருந்து சளி வடியாமல், நுரையீரலில் நோய் பற்றும்.

வாங்கும் முன் இன்னொன்று செய்யலாம். டிரக்கை இரவல் வாங்கியாவது, குதிரை, தண்ணீர், குடும்பம் எல்லாவற்றையும் ஏற்றி, நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் இருக்கும் எடைமேடையில் ஒருமுறை ஏற்றுங்கள். முன்னச்சு, பின்னச்சு, டிரெய்லர் அச்சு என்று மூன்று எண்கள் அச்சாகி வரும். டிரெய்லரைக் கழற்றிவிட்டு மறுபடி ஏற்றினால் முன்னச்சு எவ்வளவு எடையை இழந்திருந்தது என்றும் தெரியும். பின்னச்சின் எண்ணைக் கதவுச்சட்டத்தில் குறித்திருக்கும் அச்சு வரம்போடு ஒப்பிடுங்கள். தாண்டியிருந்தால் தண்ணீரைக் குறைத்துப் பாருங்கள். அதுவும் போதாவிட்டால் ஒரு குதிரையை வீட்டில் விடுங்கள் அல்லது அடுத்த பெரிய டிரக்கைப் பாருங்கள். கையில் உள்ள பணத்துக்குப் புதிய அரை டன்னும் ஓடிய முக்கால் டன்னும் கிடைக்கும் என்றால், பராமரிப்புக் கணக்கு ஒழுங்காக இருக்கும் பழைய முக்கால் டன்னைத்தான் எடுக்கச் சொல்வேன்.