கடல் கடந்த பியர் அலுமாரியில் கெடுவது ஏன்?

நேற்றைய கள்ளை இன்று விலைகொடுத்து வாங்குவார் நம்மவருள் எவருமிலர். காலையில் இறக்கிய கள் மாலையில் வேறு பண்டம். மறுநாளோ அது வெறும் காடி. பனைநிலத்திற் பிறந்த சிறுவனும் இதனை அறிவான். அதே பனையிலிருந்து கருப்பநீர் வேண்டுமாயின், முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு பூசிக் கட்டுகின்றோம். சுண்ணாம்பு நொதித்தலைத் தடுக்கும் என்னும் அறிவு எந்த ஆய்வுகூடத்திலும் பிறந்ததன்று.

ஆயின், பியர் என்று வந்துவிட்டால் இந்த அறிவு முழுவதையும் நாம் மறந்துவிடுகின்றோம். மூடியிட்ட போத்தலுக்குள்ளே காலம் நின்றுவிடுகின்றது என்பது பலருடைய எண்ணம். கடைக்காரர் அதனைக் கண்ணாடி யன்னலருகே வெயில் படும்படி அடுக்கி வைக்கின்றார். வாங்கியவர் அதனைக் குசினி அலுமாரியின் மேற்தட்டிலே மண்ணெண்ணெயைப் போல மாதக்கணக்கில் வைத்திருந்து, விருந்தினர் வந்த அன்று எடுத்துத் தூசி தட்டுகின்றார். பியரும் தானியத்தைக் காய்ச்சி ஆக்கிய ஒரு பண்டமே. பாணுக்கு வயதுண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் நாம் பியருக்கும் வயதுண்டு என்பதை ஏனோ ஒப்புக்கொள்வதில்லை.

(21 வயது நிரம்பாதவர்க்கு மதுபானம் விற்றல் 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்நாட்டிலே குற்றமாகும். எனவே மாணவ நேயர்கள் இக்கட்டுரையிலுள்ள இரசாயனத்தை மட்டும் பருகுவார்களாக.)

இவ்விடத்து ஒரு கேள்வி எழுதல் கூடும். பியர் இத்துணை எளிதிற் கெடுவதாயின், குளிர்ப்பெட்டி என்பதையே அறியாத காலத்தில் ஆங்கிலேயர் அதனை இலண்டனிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பியது எவ்வாறு? சுயஸ் கால்வாய் வெட்டப்படாத நாள் அது. கப்பல் ஆபிரிக்காவின் தென்கோடியைச் சுற்றி, பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, நான்கு அல்லது ஆறு மாதம் கழித்தே கல்கத்தாவையோ சென்னையையோ அடையும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனுக்கு அருகே போ என்னும் இடத்திலிருந்த ஹொட்ஜ்சன் என்பாரின் பியர்ச்சாலை இவ்வணிகத்திற் பெயர்பெற்று விளங்கியது. 1820களில் பேர்ட்டன் நகரத்து அல்சொப் முதலியோர் போட்டிக்கு வந்தனர். நாளடைவில் அந்த வெளிர்நிறப் பியருக்கு 'இந்தியா பேல் ஏல்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அப்பியரைக் காத்தது ஹொப் எனப்படும் ஒரு கொடியின் பூ. கசப்பு மிக்க அப்பூவைப் பியரோடு சேர்த்துக் காய்ச்சினால் அது விரைவிற் கெடாது என்பது ஐரோப்பாவிலே பழைய அனுபவம். 1179 ஆம் ஆண்டில் மறைந்த ஜேர்மானியத் துறவி ஹில்டகார்ட் அம்மையார், ஹொப்பின் கசப்பு பானங்களை அழுகாது காக்கும் என்று அக்காலத்திலேயே எழுதி வைத்தார். புளிப்பை உண்டாக்கும் பற்றீரியாக்களுட் பலவற்றை ஹொப்பிலுள்ள கசப்பு அமிலங்கள் வளரவொட்டாமல் அடக்குகின்றன என்பது இன்று நாமறிந்த காரணம். நம்முடைய முட்டியிற் சுண்ணாம்பு செய்யும் வேலைக்கு ஓரளவு ஒப்பான வேலை. சுண்ணாம்பு நொதித்தலையே நிறுத்துகின்றது, ஹொப்போ நொதித்த பின் வரும் கேட்டைத் தடுக்கின்றது.

எனினும், கப்பலில் வந்திறங்கிய அப்பியர் புதுப்பியராயிருந்தது என்று எவரும் மயங்க வேண்டா. பீப்பாய்க்குள்ளே அசைந்தும் வெதும்பியும் அது முதிர்ந்தே வந்தது. அக்காலத்தவர் விரும்பியதும் அந்த முதிர்ச்சியையே.

இன்று அதே பெயரைத் தாங்கி வரும் பியரின் கதை நேர்மாறானது. அக்கதைக்கு வருமுன் இடையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும்.

பியர் கெடுவதன் காரணத்தை நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பிடித்துக் காட்டியவர் பிரான்சு நாட்டின் லூயி பாஸ்டர். 1870-71 ஆம் ஆண்டுப் போரில் ஜேர்மனியிடம் தோற்ற தம் நாடு, பியர்த் தொழிலிலாவது ஜேர்மனியை வெல்லவேண்டும் என்ற வைராக்கியத்தோடு அவர் இவ்வாராய்ச்சியில் இறங்கினார். 1871 இல் அவர் இலண்டனிலுள்ள விற்பிரெட் பியர்ச்சாலைக்குச் சென்று, அங்கிருந்த மதுவத்தை நுணுக்குக்காட்டியில் இட்டுப் பார்த்து, அதிலே வேண்டாத கிருமிகள் கலந்திருப்பதை முதலாளிமாருக்கே காட்டினார். சில நாட் கழித்து அவர் மீண்டும் சென்றபோது அங்கே புதிய நுணுக்குக்காட்டியொன்று வாங்கி வைக்கப்பட்டிருந்ததாம்! அவருடைய பியர் ஆராய்ச்சி நூல் 1876 இல் வெளிவந்தது. போத்தலிலிட்ட பியரை மிதமாகச் சூடாக்கிக் கிருமிகளை அழிக்கும் முறை அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. இன்றைய பெருந்தொழிற்சாலைகளிலே மூடியிட்ட போத்தல்கள் ஏறத்தாழ 60 பாகைச் சென்ரிகிரேட் வெப்பத்தில் சுமார் கால் மணி நேரம் நீராடி வெளிவருகின்றன.

அதன்பின் 1883 இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் எமில் ஹன்சன் என்பார் ஒரேயொரு மதுவக் கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்தெடுத்தார். அந்நிறுவனம் அதனை மறைத்து வைக்காது ஏனையோர்க்கும் வழங்கியது பாராட்டத்தக்கது. 1892 இல் அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரத்து வில்லியம் பெயின்ரர் நெளிவிளிம்புத் தகரமூடிக்கு உரிமை பெற்றார். கிருமியின் ஆட்சி இவ்வாறு ஒழிந்தது. எங்கு வாங்கினும், எப்பொழுது திறப்பினும் ஒரே சுவை என்ற நிலை வந்தது. கூடவே, உலகமெங்கும் பியர் என்றால் ஏறக்குறைய ஒரே சுவை என்ற சலிப்பும் வந்தது.

அந்தச் சலிப்பின் பிள்ளையே 'கிராப்ட் பியர்' எனப்படும் கைவினைப் பியர். 1976 இல் கலிபோர்னியாவின் சொனோமாவில் ஜாக் மக்கோலிப் என்பார் பழைய பாற்பண்ணைப் பாத்திரங்களைக் கொண்டு 'நியூ அல்பியன்' என்ற சிறு சாலையை ஆரம்பித்தார். 1982 இல் அது மூடப்பட்டது. அதற்குள் அவரைக் கண்டு பிறர் துணிந்துவிட்டனர். இச்சிறு சாலைகள் பழைய இந்தியா பேல் ஏலைத் தேடியெடுத்து, 1972 இல் வெளியிடப்பட்ட 'கஸ்கேட்' முதலிய அமெரிக்க ஹொப் வகைகளை அதிற் கொட்டின. தோடையும் பைன் பிசினும் கமழும் பூக்கள் அவை. கசப்பைக் காட்டிலும் மணமே இன்று பெரிது. அம்மணம் கொதியிற் பறந்துவிடாதிருக்க, நொதித்து முடிந்த பியரில் குளிர்ந்த நிலையிலேயே பூவைப் போட்டு ஊறவைக்கின்றனர். இச்சிறு சாலைகளுட் பல, சூடாக்கினால் மணம் குன்றும் என அஞ்சிப் பாஸ்டரின் வெந்நீரையும் தவிர்க்கின்றன.

கடல் கடந்த பியர் அலுமாரியிற் கெடும் விந்தையின் விடை இதுதான். அன்று ஹொப் காவற்காரனாக வந்தது. இன்று காக்கப்படவேண்டிய செல்வமே ஹொப்பின் மணமாகிவிட்டது. மல்லிகைச் சரம் எத்தனை நாள் மணக்கும்? கலிபோர்னியாவின் ஸ்ரோன் என்ற பியர்ச்சாலை 2012 முதல் வெளியிட்ட ஒரு பியருக்கு, 'இன்ன திகதிக்குள் அருந்துக' என்று அத்திகதியையே பெயராகச் சூட்டியது. போத்தலிலிட்ட நாளிலிருந்து ஐந்து வாரமளவே தவணை.

தொழிற்சாலையின் வாசலைத் தாண்டியபின் இப்பியரைக் காப்பவர் மூவர்: ஏற்றி வருபவர், கடைக்காரர், வீட்டார். இவர்களில் ஒருவர் அசட்டையாயிருந்தாலும் பழி முகமறியாத அந்தச் சிறு உற்பத்தியாளருக்கே சேர்கின்றது. வாங்கியவரோ, "இவ்வளவு விலைக்கு இதுவா?" என்று முகஞ்சுளித்து அப்பக்கமே திரும்புவதில்லை. இது சிறிய நட்டமன்று.

இனி, கெடுப்பன எவையெனப் பார்ப்போம். மிக விரைந்து கெடுப்பது வெளிச்சம். வெயிலில் வைத்த வெண்ணிறப் போத்தலின் பியர் சில நிமிடங்களிலேயே நாறத் தொடங்கும், இது மிகைக்கூற்றன்று. பியரிலே இயல்பாகவுள்ள றைபோபிளேவின், அதாவது பி2 எனும் உயிர்ச்சத்து, நீல ஒளியையும் அதனிலும் நுண்ணிய ஊதாக் கடந்த ஒளியையும் உறிஞ்சி, அச்சக்தியால் ஹொப்பின் கசப்புப் பொருளை உடைக்கின்றது. உடைந்த துண்டு கந்தகத்தோடு கூடி ஒரு நாற்றப்பொருளாகின்றது. அமெரிக்கக் காடுகளில் வாழும் ஸ்கங்க் என்னும் பிராணி பகைவர்மேற் பீச்சும் திரவத்திலுள்ள பொருள்களின் இனத்தைச் சேர்ந்தது அது. இலட்சங் கோடியிற் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு அதனைக் கண்டுகொள்ளும். இம்மாற்றம் நிகழும் வழியை 2001 ஆம் ஆண்டளவில் அமெரிக்க, பெல்ஜிய விஞ்ஞானிகள் கூட்டாகத் துலக்கினர். கபிலநிறப் போத்தல் இந்த ஒளியிற் பெரும்பகுதியைத் தடுக்கும். பச்சைப் போத்தல் அழகுக்கு உதவுமேயன்றிக் காவலுக்கு அதிகம் உதவாது. தகரப்பேணி ஒளியை முற்றாகவே தடுத்துவிடும். பேணியென்றால் மட்டமான பியர் என்ற பழைய அபிப்பிராயத்தை இனிக் கைவிடலாம்.

இரண்டாவது பகை ஒட்சிசன். அடைக்கும்போது கோடியில் ஒரு பங்கு ஒட்சிசன் உட்புகுந்தாலும் கவலைப்படுவர் இன்றைய தொழிலறிந்தோர். முதலில் ஹொப்பின் மணம் மங்கும்; பின்னர், நனைந்த மட்டையை மென்றாற்போன்ற ஒரு சுவை தலைகாட்டும். நொனெனல் என்ற பொருள் இச்சுவைக்கு ஒரு காரணமென்பது 1970 இல் அறியப்பட்டது. மட்டைச்சுவை வந்த பியர் உடலைக் கெடுக்காது, மனத்தைத்தான் கெடுக்கும்.

வெப்பம் தனியே நின்று செய்யும் தீங்கைவிட, ஒட்சிசனை முடுக்கிவிட்டுச் செய்யும் தீங்கே பெரிது. பியர்த் தொழிலாளரிடையே ஒரு கைக்கணக்கு வழங்குகின்றது: 32 பாகையில் 3 நாள், 22 பாகையில் 30 நாள், குளிர்ப்பெட்டியின் 3 அல்லது 4 பாகையில் 300 நாள்; மூன்றும் பியருக்கு ஏறக்குறைய ஒரே முதுமையைத் தரும் என்பது. இது நுட்பமான விதியன்று. ஆனால் நமக்கு இது உறைக்கவேண்டும். கொழும்பின் சராசரி வெப்பமே 27 பாகைக்கு மேல். சித்திரை மாதத்து யாழ்ப்பாணப் பிற்பகலைச் சொல்லவே வேண்டா. ஐரோப்பியன் தன் நிலவறையில் ஒரு பருவம் முழுதும் வைத்திருக்கும் பியர், நம் வீட்டுத் தட்டிலே ஓரிரு வாரத்தில் கிழடு தட்டிவிடும். குளிர்ப்பெட்டியில்லாக் காலத்திலே நுவரெலியாவின் குளிரிற் பியர் காய்ச்சப் புகுந்தவர்களுக்கு நம் நாட்டின் இயல்பு நன்கு விளங்கியிருக்கிறது.

ஆகவே வாங்கும்போதே போத்தலைத் திருப்பித் திகதியைப் பாருங்கள். அடைத்த திகதி இருப்பின் அதுவே நம்பத்தக்கது. முடிவுத் திகதி மட்டுமிருப்பின், அது உற்பத்தியாளரின் நல்லெண்ணத்தைத்தான் காட்டும். கடையிற் குளிரில் வைத்ததைக் கேட்டு வாங்குங்கள். காரில் வெயிலிலே விட்டுவிட்டு வேறு கடைகளுக்குச் செல்லாதீர்கள். வீட்டிலே குளிர்ப்பெட்டியின் கதவிலன்றி, உள்ளே பின்புறமாக நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்தால் உள்ளிருக்கும் சிறிதளவு காற்று பியரின் அதிக பரப்பைத் தொடும், வண்டலும் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். விரைவிற் குளிர்விக்கும் அவசரத்தில் உறைபெட்டியில் இட்டு மறந்தால் போத்தல் வெடிக்கும். ஒருமுறை குளிர்ந்த பியர் வெதும்பி மீண்டும் குளிர்ந்தால் உடனே நாறும் என்பாரும் உளர். அது வீண் அச்சம். எத்தனை நாள் வெப்பத்தில் இருந்தது என்பதே கணக்கு.

எல்லாப் பியரும் ஒரே சாதியல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். சாராயச்சத்து மிகுந்த கரும்பியர்களும், பெல்ஜியத்தின் புளிப்புப் பியர்களும், போத்தலுக்குள்ளேயே உயிர் மதுவம் தங்கியிருக்கும் சிலவும், ஆண்டுகள் செல்லச் செல்ல முந்திரிகைப்பழச் சுவையும் தேன்சுவையும் ஏறிப் பொலிவன. 1968 இல் இங்கிலாந்தின் டோர்செஸ்ரர் நகரிலே நாவலாசிரியர் தோமஸ் ஹார்டியின் நினைவாகக் காய்ச்சிய பியரொன்று 25 ஆண்டு வைத்திருக்கத் தகுமென்று கூறி விற்கப்பட்டது. இத்தகையவற்றை ஒளியில்லாத, இயன்றளவு குளிர்ந்த மூலையில் வைக்கலாம். ஆனால் ஹொப் மணக்கும் பியரை 'இருக்கட்டும், முதிரட்டும்' என்று பூட்டி வைப்பவர் மல்லிகையைப் பெட்டகத்தில் வைத்தவராவார்.

கிண்ணத்தைப் பற்றி ஒரு சொல். எண்ணெய்ப் பசையோ சவர்க்காரமோ ஒட்டிய கண்ணாடியில் நுரை நில்லாது. நுரையோடு மணமும் போய்விடும். நன்றாகக் கழுவி, துணியால் துடைக்காது கவிழ்த்து உலரவிடல் வேண்டும். உறையக் குளிர்ந்த பியருக்குச் சுவையே தெரியாது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் பொறுத்தால் மணம் எழும். முதலிற் கிண்ணத்தைச் சரித்தும், இறுதியில் நிமிர்த்தியும் ஊற்றினால் இரு விரற்கடை நுரை வரும். அடியில் வண்டலிருப்பின் கடைசி மிடறைப் போத்தலிலேயே விட்டுவிடுக. திறந்ததை மூடி மறுநாளைக்கு வைப்பதிற் பயனில்லை. மிஞ்சியதைக் கோதுமை மாவிற் கரைத்து மீன் தோய்த்துப் பொரித்தால் மேலுறை மொறுமொறுப்பாக வரும்.