கஞ்சாச் சிகரெட்டும் அளவின் நேர்மையும்

கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்க நாம் முன்வந்துவிட்டதாக நேயர்கள் எண்ண வேண்டாம். போதைக்காக அதை நாடுவோர் தமக்குத் தாமே கேடு தேடிக்கொள்கின்றனர் என்பதே நமது அபிப்பிராயம். நாம் ஈண்டு விசாரிப்பது வேறு. ஒரு வஸ்துவை மருந்தென்று நோயாளியின் கையிற் கொடுப்பவர், அதிலுள்ள சத்து இவ்வளவென்று நிச்சயமாகச் சொல்லக் கடமைப்பட்டவரா, அல்லவா?

1839ஆம் வருஷத்தில் கல்கத்தாவிலிருந்த டாக்டர் ஓஷானஸி கஞ்சாவின் மருத்துவ குணங்களை எடுத்துரைத்தார். அதன் பின் அதன் சாரம் மேல்நாட்டு மருந்துக் கடைகளில் ஏறியது. ஆனால் ஒரு புட்டியின் வீரியம் மற்றொன்றுக்கு இல்லை. வைத்தியர் எதை நம்பி அளவு குறிப்பது? அமெரிக்கரின் அதிகாரபூர்வமான மருந்து நூல் 1942இல் அதை நீக்கிவிட்டது. 1964இல் இஸ்ரேல் தேசத்து ஆராய்ச்சியாளர் கவோனியும் மெக்கூலமும் டி.எச்.சி. என்னும் போதைச் சத்தைப் பிரித்துக் காட்டிய பின்னரே, அளப்பதற்கு உரிய பொருள் இன்னதென்று தெளிவாயிற்று.

1968 முதல் அமெரிக்க ஸர்க்காருக்காக மிஸிஸிப்பி ஸர்வகலாசாலை கஞ்சாவைப் பயிரிட்டது. அவ்விலை வட கரோலினாவில் இயந்திரத்தால் சிகரெட்டுகளாகச் சுற்றப்பட்டது. நூற்றுக்கு இத்தனை பங்கு சத்து என்று கணக்கிட்டு, ஆராய்ச்சிக்காக அனுப்பினர். கண்ணோயால் பார்வையிழந்து வந்த ராபர்ட் ராண்டல் என்பவர் 1976இல் நியாயஸ்தலத்தில் வாதாடி வென்ற பிறகு, ஸர்க்காரே சில நோயாளிகளுக்கும் இச்சிகரெட்டுகளை வழங்கலாயிற்று. 1992இல் புதியவர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது.

சிகரெட்டு ஒரே அளவாக இருப்பதனால், உடலிற் சேரும் மருந்தும் ஒரே அளவாகிவிடுமா? ஆகாது. புகைப்பவரின் பழக்கத்திற்கேற்ப, சத்தில் நூற்றுக்கு 2 முதல் 56 பங்கு வரை இரத்தத்திற் சேரலாமென ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். ஆதலால் பரிசோதனைகளில் 5 விநாடி இழுத்து, 10 விநாடி அடக்க வேண்டுமென மூச்சுக்குங்கூட விதி வகுத்தனர். 2021இல் ஆராய்ச்சிக்கான பொது அளவாக 5 மில்லிகிராம் டி.எச்.சி.யை அந்த ஸர்க்காரின் ஆராய்ச்சி ஸ்தாபனங்கள் நிர்ணயித்தன.

அளவு வகுத்த ஸர்க்கார் தரத்தைக் காத்ததா? நான்கு நோயாளிகளைப் பரிசோதித்து 2002இல் வெளியிட்ட அறிக்கை, ஸர்க்கார் சிகரெட்டில் தண்டும் விதையும் கலந்திருந்ததைக் குறிக்கிறது. அரை நூற்றாண்டாக ஆராய்ச்சிக்குப் பயிரிடும் உரிமை ஒரே இடத்தில் முடங்கிக் கிடந்தது. 2021இல்தான் பிறருக்கும் வழி திறந்தது. போட்டியும் இல்லை, தட்டிக்கேட்பாரும் இல்லை என்றால், தராசு பிடிப்பவன் சொன்னதே எடை!

நமது தேசத்திலும் 1985ஆம் வருஷத்துச் சட்டம், வைத்தியத்துக்கும் சாஸ்திர ஆராய்ச்சிக்கும் கஞ்சா பயிரிட மாகாண ஸர்க்கார்கள் அநுமதிக்க இடமளித்திருக்கிறது. அவ்வழியிற் செல்லும் ஸர்க்கார் எதுவாயினும், முதல் விதையை ஊன்றுமுன் மூன்று காரியங்களைச் செய்யட்டும்: சத்தின் அளவைச் சீட்டில் அச்சிடுக; அதைச் சோதிக்கும் அதிகாரத்தைப் பயிரிடாத வேறொருவரிடம் ஒப்புவிக்க; சோதனையின் முடிவைப் பகிரங்கப்படுத்துக. புகையைக் காட்டிலும் நிச்சயமாக அளக்கக்கூடிய துளியோ மாத்திரையோ கிடைக்குமாயின் அதையே தேர்க. நோயாளி கேட்பது தயவன்று, சரியான அளவு.