வானத்தில் எச்சரிக்கும் குரல்

விஜயபுரத்து மாந்தோப்பில் நின்று அண்ணாந்து பார்த்தால், ரேணிகுண்டாவுக்கோ சென்னைக்கோ போகும் விமானம் கண்ணில் படும். சில சமயம் இரண்டு விமானங்கள் உரசிக்கொள்வது போலக் கடந்துபோகும். உண்மையில் அவற்றுக்கு நடுவே குறைந்தது 1,000 அடி உயர வித்தியாசம் இருக்கும். கீழே நிற்கும் நமக்கு அது தெரிவதில்லை.

1996 நவம்பர் 12 மாலை அந்த இடைவெளி இல்லாமல் போனது. டெல்லியிலிருந்து கிளம்பிய சவூதி போயிங் 747, 14,000 அடியில் பறந்தது. எதிரே டெல்லிக்கு வந்த கசகஸ்தான் விமானம் 15,000 அடியிலேயே இருந்திருக்க வேண்டும். அதைவிடக் கீழே இறங்கிவிட்டது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே இரண்டும் மோதின. 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அதன் பிறகுதான் இந்திய வானில் பறக்கும் பயணிகள் விமானங்களுக்கு 'டீகாஸ்' என்ற மோதல் தடுப்புக் கருவி கட்டாயமானது.

டீகாஸ் தரையில் உள்ள ரேடாரை நம்பி இருப்பதில்லை. சுற்றியுள்ள விமானங்களை அதுவே ரேடியோ அலையால் விசாரிக்கும். அவற்றிலுள்ள டிரான்ஸ்பாண்டர் தன் உயரத்தைப் பதிலாக அனுப்பும். பதில் வர எடுத்த நேரத்தைக் கொண்டு தூரம் கணக்காகும். திரும்பத் திரும்பக் கேட்பதால், எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பதும் புரியும்.

கருவி கணக்கிடுவது முக்கியமாக நேரத்தைத்தான். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வரும் விமானங்கள் நொடிக்கு அரை கிலோமீட்டர் நெருங்கும். 12 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் மிச்சம் 24 நொடிதான். அதனால் முதலில் 'டிராஃபிக், டிராஃபிக்' என்று எச்சரிக்கும். ஆபத்து விலகாவிட்டால் 'கிளைம்ப்' அல்லது 'டிசெண்ட்' என்று உத்தரவிடும். இரு கருவிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்வதால், ஒன்றை ஏறச் சொன்னால் மற்றதை இறங்கச் சொல்லும்.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் மேலே ஒரு ரஷ்ய விமானத்தை டீகாஸ் ஏறச் சொன்னது. தரைக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். விமானி இறங்கினார். எதிரே வந்த சரக்கு விமானமோ தன் டீகாஸ் சொற்படி இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் இறந்தனர்.

இன்று விதி தெளிவாக இருக்கிறது: இரண்டு உத்தரவுகள் முரண்பட்டால் விமானி டீகாஸைத்தான் பின்பற்ற வேண்டும். டீகாஸ் உத்தரவைப் பின்பற்றுவதாக அவர் அறிவித்ததும், அது முடியும்வரை தரையில் இருப்பவர் அவரது உயரத்தை மாற்றச் சொல்வதில்லை.