வேதனைக்கு மருந்தும் விதிக்குப் பேரேடும்

கோட்டுச்சேரியிலிருந்து வடக்கே சற்றுத் தூரம் போனால் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடுகிறது. காரைக்காலைச் சேர்ந்த இவ்வூரார் கடைக்கும் கோயிலுக்கும் போகையில் அவ்வெல்லையைப் பொருட்படுத்துவதில்லை என்றாலும், புற்றுநோயின் கடும் வேதனையைத் தணிக்கும் மார்பின் மாத்திரைக்கு அது வெகுகாலம் மதிலாகவே நின்றது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதி வகுத்து, வாங்கவும் வைத்திருக்கவும் எல்லை கடந்து கொண்டுவரவும் வெவ்வேறு உரிமங்களைக் கேட்டது. சிறு பிழைக்கும் பத்தாண்டுச் சிறை நேருமோ என்ற பீதியில் மருந்துக்கடைக்காரரும் வைத்தியரும் அம்மருந்தையே கைவிட்டனர். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மார்பின் உபயோகம் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் குறைந்துபோயிற்று. மார்பினுக்கு மூலப்பொருளான அபினை விளைவித்து அந்நிய நாடுகளுக்கு அனுப்பும் தேசத்திலே இவ்வாறு நேர்ந்ததை விபரீதம் என்றே சொல்ல வேண்டும்.

கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் ராஜகோபாலும் சகாக்களும் தொடங்கிய வலிநிவாரண இயக்கத்தின் இடைவிடாத பிரயத்தனமும் சேர்ந்து, 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்பின், பெண்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் அத்தியாவசியமானவை என அறிவிக்கப்பட்டு, புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே மத்திய விதி வந்தது. இப்போது அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையத்தில், வலிசிகிச்சையில் பயிற்சி பெற்ற மருத்துவர் நோயாளியின் வேதனை எவ்வளவென்று விசாரித்து அளவைத் தீர்மானிக்கிறார். மருந்து பூட்டுக்குள் இருக்கிறது. வந்தது, கொடுத்தது, எஞ்சியது மூன்றும் அன்றன்றே பேரேட்டில் ஏறுகின்றன. அப்பேரேட்டை இரண்டாண்டு காப்பாற்ற வேண்டும். சாதாரண மார்பின் மாத்திரையை நான்கு மணிக்கொரு முறை கொடுப்பது வழக்கம். அதனுடன் மலச்சிக்கலுக்கும் மருந்து எழுதாத சீட்டு, என் அபிப்பிராயத்தில், அரைகுறைச் சீட்டே.

இந்த வேதனைக்கும் போதை மோகத்துக்கும் உள்ள பேதத்தை அறியாத உறவினர், 'பழகிவிடுமே' என்று அஞ்சி மாத்திரையை ஒளித்து வைப்பதும் உண்டு. முறைப்படி அளவறிந்து கொடுக்கும்போது அவ்வச்சத்துக்குக் காரணம் மிகச் சொற்பம்.

டயஸிபாம், அல்பிரஸோலம், டிரமடால் போன்றவை சாதாரண மருந்துக்கடையிலும் கிடைப்பவையாதலால் அவற்றுக்குக் காவல் வேறு விதம். சீட்டைக் காட்டியும் கடைக்காரர் நோயாளியின் பெயரையும் மருத்துவரின் முகவரியையும் குறித்துக்கொள்கிறாரே என்று சினம் கொள்வோர் பலர். இவையும் அடங்கிய, மருந்து விதிகளின் எச்-1 பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு அத்தகைய தனிப் பதிவேடு வைத்து மூன்றாண்டு காக்க வேண்டுமென்பது 2014 மார்ச் முதல் அவர்மீது சுமத்தப்பட்டுள்ள கடமை.