துப்பாக்கி ‘சைட்’னா என்ன? ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தா பதக்கமே போயிடும்!

2008 பெய்ஜிங் ஒலிம்பிக், 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிச்சுற்று. போட்டி தொடங்கும் முன் அபினவ் பிந்த்ரா சுட்ட பயிற்சிக் குண்டுக்குக் கிடைத்தது வெறும் 4 புள்ளி. தகுதிச்சுற்றில் 600-க்கு 596 எடுத்தவர் அவர். அப்புறம் என்ன ஆச்சு? துப்பாக்கியின் ‘சைட்’ நகர்ந்திருந்தது என்று சுயசரிதையில் சொல்கிறார்.

சைட் என்ன செய்யும்?

குறிபார்க்க உதவும் பாகம்தான் சைட். ஏர் ரைஃபிளில் பின்பக்கம் சின்னத் துளை, முன்பக்கம் ஒரு வளையம். கண், துளை, வளையம், இலக்கின் கறுப்பு வட்டம் நாலும் ஒரே நேர்கோட்டில் வரணும்.

ஒரு மில்லிமீட்டர் அவ்வளவு முக்கியமா?

ஆமாம். இரண்டு சைட்டுக்கும் இடைவெளி முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின் சைட் 1 மி.மீ. நகர்ந்தால், 10 மீட்டர் தள்ளி குண்டு சுமார் 13 மி.மீ. விலகும். இலக்கில் ஒவ்வொரு புள்ளிக்கும் இடைவெளி 2.5 மி.மீ.தான். அதாவது, 5 புள்ளிக்கு மேல் காலி!

எப்படிச் சரிசெய்வது?

பின் சைட்டில் திருகுகள் உண்டு. குண்டு இடப்பக்கம் விழுந்தால், பின் சைட்டை வலப்பக்கம் நகர்த்தணும். போட்டிக்கு முன் பயிற்சிக் குண்டுகள் தருவதே இதுக்காகத்தான்.

எல்லா துப்பாக்கிக்கும் இதே சைட்டா?

இல்லை. பிஸ்டலில் பின்பக்கம் ஒரு வெட்டு, முன்பக்கம் ஒரு முனை. பார்வை முன் முனையில் இருக்கணும். இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ‘டிராப்’ போட்டியில் பின் சைட்டே கிடையாது. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடிய புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமானின் பிரிவு இதுதான்.

டெலஸ்கோப் சைட்?

தூரத்தைக் கிட்டக் காட்டும் இதை ஒலிம்பிக்கில் பயன்படுத்த முடியாது. வெளிநாடுகளில் வேட்டைக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதியமான்கோட்டையைத் தாண்டி சேலம் சாலையில் வரும் தொப்பூர் காடாக இருந்தாலும் சரி, மான், மயிலைச் சுட்டால் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சரி, பிந்த்ரா என்ன செய்தார்?

பதறாமல், இருந்த கொஞ்ச நேரத்தில் சைட்டைத் திருகிச் சரிசெய்தார். இறுதிச்சுற்றின் முதல் குண்டு 10.7, கடைசிக் குண்டு 10.8. மொத்தம் 700.5 புள்ளிகள். ஒலிம்பிக் தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் தங்கம் அது.