பியூட்டி வேர்ல்டு: வண்ண விளக்குகளுக்குப் பின்னால்...



இரவு கேளிக்கை விடுதி என்று சொன்னாலே நம்மில் பலர் முகம் சுளிப்போம். அம்பாங்கானிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும், பெரியவர்கள் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் பேச்சு அது. அப்படியிருக்க, அந்த வாழ்க்கையையே கதையாகக் கொண்ட ஓர் இசை நாடகத்தை அண்டை நாடான சிங்கப்பூர் பல முறை மேடையேற்றியிருக்கிறது. அப்படி என்ன இருக்கிறது அதில்? இந்த வாரம் அதைத்தான் அலசப் போகிறோம்.

பத்து பஹாட்டிலிருந்து ஒரு பெண்

நாடகத்தின் பெயர் 'பியூட்டி வேர்ல்டு'. மைக்கேல் சியாங் எழுத, டிக் லீ இசையமைத்தார். 1988ஆம் ஆண்டு சிங்கப்பூர் கலை விழாவில் முதன்முதலாக அரங்கேறியது. டிக் லீ நமக்கும் அந்நியர் அல்லர். 2006இல் நம் இஸ்தானா புடாயாவில் மேடையேறிய 'புத்ரி குனோங் லேடாங்' இசை நாடகத்திலும் அவருடைய இசை ஒலித்தது.

கதை நடப்பது 1960களில். கதாநாயகி ஐவி சான் வேறெங்கிருந்தோ வந்தவள் அல்ல; நம் ஜொகூர் மாநிலத்துப் பத்து பஹாட்டைச் சேர்ந்தவள். தந்தை யாரென்று தெரியாமல் வளர்ந்தவள். அவளிடம் இருக்கும் ஒரே தடயம் ஜேட் கல் பதக்கம் ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டு சிங்கப்பூருக்கு வருகிறாள். தேடல் அவளை 'பியூட்டி வேர்ல்டு' என்ற காபரே விடுதியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கே கொடிகட்டிப் பறக்கும் ஆட்டக்காரி லூலு, பெண்களை மேய்க்கும் 'மம்மி' என்று ஒரு தனி உலகமே இருக்கிறது. அந்த உலகில் இந்த வெகுளிப் பெண் என்ன ஆகிறாள்? முடிவை நான் சொல்லிவிட்டால் பார்க்கப் போகிறவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்!

அக்காலத்துக் கண்டோனீஸ் படங்களின் பாணியில், சிரிப்பும் கண்ணீரும் கலந்து பின்னப்பட்ட நாடகம் இது. 2015 நவம்பரில் விக்டோரியா அரங்கில் புதுப்பொலிவோடு மீண்டும் மேடையேறியது.

ஓர் ஆட்டத்துக்கு ஒரு சீட்டு

இந்த விடுதிகள் வெறும் கற்பனை அல்ல. சிங்கப்பூரில் நியூ வேர்ல்டு, கிரேட் வேர்ல்டு, ஹேப்பி வேர்ல்டு என்ற மூன்று பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் இருந்தன. கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பூங்கா இருந்தது. அங்கே வேலை செய்த பெண்களை 'டாக்சி டான்சர்' என்று அழைத்தார்கள். காரணம் எளிது. வாடிக்கையாளர் சீட்டு வாங்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு ஒரு சீட்டு. வாடகைக் காருக்கு மீட்டர் ஓடுவது போலத்தான். சேர்ந்த சீட்டுகளைக் கொடுத்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு பங்கு, விடுதிக்கு ஒரு பங்கு. சீட்டு சேராத இரவில் அவள் கையில் காசு இல்லை. தோட்டத்தில் பால் எடைக்கு ஏற்பக் கூலி வாங்கிய நம் தாய்மார்களுக்கு இந்தக் கணக்கு புரியாமலா போகும்?

ஆடியவர்கள் கட்டிய பள்ளி

இன்னொரு செய்தியைக் கேளுங்கள். போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், ஹேப்பி வேர்ல்டு காபரேயைச் சேர்ந்த நடனப் பெண்கள் ஹ யான் நா என்பவரின் தலைமையில் கேலாங்கில் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி! 'ஹேப்பி சேரிட்டி ஸ்கூல்' என்ற அந்தப் பள்ளி 1979 வரை நடந்தது. ஊரார் ஏளனமாகப் பார்த்த பெண்கள், ஊரார் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்கள்.

நம் நாட்டையே பரபரப்பாக்கிய ரோஸ் சானும் டாக்சி டான்சராகத் தொடங்கியவர்தான். 1987இல் மறைந்த அவர், முதியோருக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் அள்ளிக் கொடுத்தவர் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

நமக்கு இதில் என்ன?

இரவில் வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பட்டம் கட்டுவது பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1970களில் நம் நாட்டில் மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகியபோது, இரவு வேலைக்குப் போன மலாய்ப் பெண்களை 'மினா காரான்' என்று கேலி செய்தார்கள். தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்குப் போன நம் பெண்கள் மட்டும் ஏச்சுப் பேச்சுக்குத் தப்பினார்களா? தொழிற்சாலை வேறு, கேளிக்கை விடுதி வேறு, ஒப்புக்கொள்கிறேன். விடுதியில் பெண்கள் ஏமாற்றப்படுவதும் சுரண்டப்படுவதும் உண்மை. அதை இந்த மேடை மெழுகி மறைக்கவில்லை. ஆனால் அவளைத் தூற்றும் நம் நாக்கு, சீட்டு வாங்கியவனையும் பங்கு எடுத்தவனையும் ஏன் ஒரு வார்த்தை கேட்பதில்லை?

பழைய நாடகத்தை மறுபடி மேடையேற்றுவதன் பயன் இதுதான். அன்று வேடிக்கை பார்த்ததை இன்று யோசித்துப் பார்க்கிறோம். சிங்கப்பூர்க்காரர்கள் பத்து பஹாட் பெண்ணின் கதையைப் பாட்டாகப் பாடிவிட்டார்கள். சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் பிழைக்கப் போன நம் தோட்டத்துப் பெண்களின் கதையை யார் பாடுவது? திருவிழா மேடையில் ஆண்களே பெண் வேடம் கட்டி ஆடிய சமுதாயம் நம்முடையது. அந்த மேடையில் அவளே ஏறித் தன் கதையைச் சொல்லட்டும். நம் இளைஞர் மன்றங்களும் நாடகக் குழுக்களும் முன்வருமா? சிந்தியுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.